துருப்பிடிக்காத கொழுக்கி

பேர்ணடெற் அக்காவைப் பற்றி என் முன்னால் யாரும் குறை சொல்லக் கூடாது. சொல்வதானால் நான் மட்டும்தான் சொல்வேன். பிடிவாதக்காரி. எந்தக் கூட்டத்துக்கும் நேரத்துக்கு வரமாட்டார். வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டே பேசுவார், பாதி விளங்காது. நான் எழுதிய அறிக்கை ஒன்றைக்கூட இன்றுவரை முழுதாக வாசித்ததில்லை. ஆனால் போன வருடம் ஒக்டோபர் கடைசியில், ஒரு வியாழன் மாலைக்கும் ஞாயிறு மதியத்துக்கும் இடையில் அவர் செய்த காரியத்தைப் பார்த்த பிறகு, அந்த மனுசிக்கு முன்னால் வாய் திறக்கவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. வெட்கப்பட்டாலும் பேசாமல் இருக்கும் பழக்கம் எனக்கில்லை.

என் பெயர் நிரூபா. கனடாவில், ஸ்காபரோவில் ஒரு சமூக நிலையத்தில் வேலை. வீட்டுக்குள் அடிவாங்கும் பெண்களைப் பற்றி ஊரைப் பேசவைப்பது என் பொறுப்பு. அதற்காக ஒரு கைவேலைக் குழு வைத்திருக்கிறோம். சனிக்கிழமைகளில் ஒரு மணிக்கு எட்டுப் பெண்கள் வருவார்கள். தைப்பார்கள், பின்னுவார்கள். எனக்கு ஊசியில் நூல் கோக்கவும் வராது. நான் தேத்தண்ணி போடுவேன், கதிரை அடுக்குவேன், எல்லோரையும் அதட்டுவேன்.

முதல் வருடம் ஊதா நிறக் கம்பளியில் கழுத்துச் சால்வைகள் பின்னினோம். அறுபது சால்வைகள். நவம்பர் குளிரில் மில்லிக்கன் பக்கம் ஒரு பிளாசாவின் கம்பி வேலியில் வரிசையாகக் கட்டிவிட்டோம். ஒவ்வொன்றிலும், தமிழில் பேசக்கூடிய ஓர் உதவி நிலையத்தின் தொலைபேசி இலக்கம் குத்தியிருந்தது. ‘தேவையானவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை. பார்க்க நல்ல அழகு. ஆட்கள் வந்து நின்று படம் எடுத்தார்கள். மூன்று வாரத்தில் எங்கள் பெண்கள் எடுத்தது ஒன்றே ஒன்று. அதை எடுத்த அன்ரியும் இலக்கத்தைக் கழற்றி என் கையிலேயே தந்துவிட்டு, “நல்ல கம்பளி பிள்ளை” என்று கழுத்தில் சுற்றிக்கொண்டு மரக்கறிக் கடைக்குள் போய்விட்டார்.

அன்றைக்குத்தான் பேர்ணடெற் அக்கா லைனிங் துணிப் பையோடு சேலைக்கடையிலிருந்து வெளியே வந்தார். வேலியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“உதுகளை ஆர் எடுப்பினம்?”

“தேவையான ஆக்கள்” என்றேன்.

“தேவையான ஆக்கள் எடுக்கேக்க தேவையில்லாத ஆக்கள் பாத்துக்கொண்டெல்லே நிப்பினம்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் வந்த கோபம் அது.

பேர்ணடெற் அக்கா இருபத்திரண்டு வருடமாகத் தன் வீட்டுப் பேஸ்மென்றில் சேலைச் சட்டை தைக்கிறவர். ஸ்காபரோவில் பாதிப் பெண்களின் உடம்பளவு அவருடைய கொப்பியில் இருக்கிறது. கலியாணம், சாமத்தியவீடு, கோயில் திருவிழா எதுவென்றாலும் அந்தப் படியில் இறங்கித்தான் ஆகவேண்டும். அளவெடுக்கும்போது கையைத் தூக்கச் சொன்னால் சில பெண்களுக்குக் கை தோளுக்கு மேல் போகாது. ஆடி மாத வெயிலில் வந்து, “கையை முழங்கை வரைக்கும் விடுங்கோ அன்ரி” என்பார்கள். எப்போதும் அகலக் கழுத்து வைப்பவள் திடீரென்று கழுத்தை மூடித் தைக்கச் சொல்வாள். அவர் ஒன்றும் கேட்கமாட்டார்.

“ஏன் அக்கா கேக்கிறேல்லை?” என்று ஒருநாள் நான் பாய்ந்தேன்.

“கேட்டால் அடுத்தமுறை வேற இடத்தில குடுத்துத் தைப்பினம். பிறகு அதுகளைப் பாக்கவும் ஆளிராது.”

சட்டைக்குள் இலக்கத்தைத் தைத்துவிடும் யோசனை அவருடையதுதான். ஒரு அங்குல வெள்ளை நாடா. அதில் ஊதா நூலால் சின்னதாக ஒரு பூ, பூவுக்குக் கீழே உதவி நிலையத்தின் பத்து இலக்கங்கள். சட்டையின் உட்பக்கம், கொழுக்கி மாட்டும் பட்டிக்குக் கீழே அதை வைத்துத் தைத்துவிடுவார். சட்டையைப் போட்டுப் பார்க்க வரும் பெண்ணின் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைப்பார். “தையல் பிரிஞ்சால் என்னட்டை வாங்கோ. வேற என்ன எண்டாலும் உந்த நம்பர்.” அவ்வளவுதான் பேச்சு. பிறகு கழுத்து இறக்கம் போதுமா என்று கேட்பார்.

என் குழுவிலுள்ள எட்டுப் பேரும் அந்த நாடாக்களைத் தைக்கத் தொடங்கினார்கள். அப்போதுதான் நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன்.

“எல்லாற்றை சட்டைக்குள்ளயும் உதை வைச்சுப் போடாதேங்கோ” என்றேன். “மரியாதையான வீட்டுப் பொம்பிளையள் என்ன நினைப்பினம்? எங்களை என்னெண்டு பாத்தவை எண்டு சண்டைக்கு வருவினம். உங்களுக்குச் சந்தேகம் வாற ஆக்களுக்கு மட்டும் வையுங்கோ.”

பேர்ணடெற் அக்கா குண்டூசிகளைக் கவ்வியபடி என்னைப் பார்த்தார். “ஆம்பிளையள் கண்டால்?”

“எந்த ஆம்பிளை சட்டையை உள்ளுக்குப் புரட்டிப் பாக்கப் போறான்?” என்று சொல்லி நான் சிரித்தேன்.

வசந்தத்திலிருந்து ஒக்டோபர் வரை முப்பத்தொரு பெண்களின் சட்டைகளில் அந்தப் பூ ஏறியது. ஐந்து பேர் அந்த இலக்கத்துக்கு எடுத்துப் பேசினார்கள். நான் தலைகால் தெரியாமல் திரிந்தேன்.

என் சொந்த வீட்டை நான் மறந்துவிட்டேன். ஊரில் தன் சாரத்தைத் தானே தோய்த்தறியாத ஆம்பிளைகள்கூட இங்கே வந்த பிறகு கூடையைச் சுமந்துகொண்டு லிஃப்ற்றில் லோண்டறி றூமுக்குப் போய் வருகிறார்கள். என் மனுசன் என்னைவிட நன்றாகத் துவாய் மடிப்பார். பட்டும் வேலைப்பாடும் உள்ள சட்டைகளை உட்பக்கம் வெளியே வரப் புரட்டித்தான் தோய்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். இதெல்லாம் தினமும் பார்க்கிற எனக்கு அது யோசனையில் வரவேயில்லை.

அந்த முப்பத்தொரு பேரில் ஒருத்தி நிலாணி. ஆறு வருடத்துக்கு முன் பிரியந்தனைக் கட்டி இங்கே வந்தவள். அவன் மிசிசாகாப் பக்கம் விமான நிலையத்தில் சாமான் ஏற்றும் பகுதியில் வேலை. “பிரியந்தன் மாதிரி வருமே, வீட்டு உடுப்பு முழுக்க அவன்தானே தோய்க்கிறவன்” என்று ஊர் அவனை மெச்சியது. லோண்டறி றூமில் பெண்கள் கூடிக் கதைப்பார்கள், நிலாணி அங்கே போகக் கூடாது என்பதற்காகத்தான் அவன் தோய்த்தான் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

அந்த வியாழக்கிழமை அவனுக்கு விடுமுறை. தோய்த்த சட்டையை மடிக்கும்போது பூவையும் இலக்கத்தையும் கண்டான். அங்கேயே நின்று அந்த இலக்கத்துக்கு எடுத்தான். பெண்களுக்கான உதவி நிலையம் என்று ஒரு பெண்குரல் தமிழில் சொன்னது. போனை வைத்துவிட்டு, உடுப்பைக் கூடையில் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு மேலே போனான்.

“உது என்ன?” என்று சட்டையை மேசையில் போட்டான்.

நிலாணிக்கு யோசிக்க நேரமிருக்கவில்லை. ஆனாலும் வாய் தடுமாறவில்லை. “அது தையல் அன்ரி எல்லாற்றை சட்டைக்கும் வைக்கிறவ” என்றாள். “தவமலர் மச்சாளின்ரயிலயும் இருக்கு.”

“அக்காவின்ரயிலயுமோ?” அவன் போனை நீட்டினான். “தையல்காரிக்கு எடு. ஸ்பீக்கரில போடு.”

பேர்ணடெற் அக்கா அப்போது ஒரு கலியாணச் சட்டைக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தார். போனில் நிலாணி நிலத்தில் விழுந்த ஊசியைத் தேடுகிற மாதிரி மெதுவாகப் பேசினாளாம். “அன்ரி, நீங்கள் அந்தப் பூ லேபிள் எல்லாருக்கும் வைக்கிறியள்தானே? தவமலர் மச்சாளுக்கும் வைச்சனீங்கள்தானே? இவர் கேக்கிறார்.”

அரை விநாடிகூடத் தாமதமில்லை. “ஓம் பிள்ளை, இந்த வருசம் தைச்ச எல்லாத்துக்கும் வைச்சிருக்கு. சமூக நிலையத்தால தந்தவை. கோயிலால கலண்டர் தாற மாதிரி ஆரெண்டு பாக்காமல் எல்லாருக்கும்தான். ஏன், தம்பிக்குப் பிடிக்கேல்லையோ? கழற்றிவிடவோ?”

“தேவையில்லை” என்று அவன் குரல் கேட்டது. “ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டை போறம். அங்க பாப்பம்.”

போன் வைத்த கையோடு பேர்ணடெற் அக்கா என்னை அழைத்தார். கேட்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சிலருக்கு மட்டும் என்று பிரித்ததும் நான், எந்த ஆம்பிளை பார்க்கப் போகிறான் என்று சிரித்ததும் நான். இப்போது அந்தப் பூ, இன்னார் அடிவாங்குகிறாள் என்று எழுதி ஒட்டியதற்குச் சமமாகிவிட்டது. தவமலரின் சட்டையில் அது இல்லை என்று அவன் கண்டால், நிலாணி பொய் சொன்னாள் என்பதும் யாரிடமோ எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள் என்பதும் அவனுக்கு வெளிச்சமாகிவிடும். ஞாயிறு பின்னேரம் அவளைத் திரும்பக் காரில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவான். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று நினைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

உதவி நிலையத்தில் கேட்டேன். அவள் பத்திரமான ஓர் இடத்துக்கு வரும்வரை அவனுக்குச் சந்தேகத்தைக் கூட்டுகிற எதையும் செய்ய வேண்டாம் என்றார்கள். நிலாணியின் போனோ அவன் கையில்.

“இவளுக்கு வேற பேர் கிடைக்கேல்லையே?” என்று பேர்ணடெற் அக்காவிடம் சீறினேன். “போயும் போயும் தவமலரின்ர பேரையே சொல்லுறது?”

தவமலர் பிரியந்தனின் மூத்த அக்கா. தாய் செத்த பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவர், கனடாவுக்கு அழைத்தெடுத்தவர், நிலாணியைப் பார்த்துக் கட்டிவைத்தவர். ரூஜ் பக்கம் பெரிய வீடு. கோயில் கூட்டத்தில் அவர் தொண்டையைச் செருமினால் மற்றவர்கள் வாயை மூடுவார்கள். தம்பியைப் பற்றி அவர் முன்னால் ஒரு சொல் சொல்லிவிட்டுத் தப்பியவர் இல்லை. அந்த வருடம் பேர்ணடெற் அக்காவிடம் பதினொரு சட்டை தைப்பித்திருந்தார். ஒன்றிலும் பூ இல்லை.

“திட்டி என்ன செய்யிறது?” என்றார் பேர்ணடெற் அக்கா. “நான் எல்லாருக்கும் எண்டு சொல்லிப்போட்டன். இனி எல்லாருக்கும் வைக்கவேண்டியதுதான்.”

“தவமலருக்கு மட்டும் வைச்சால் காணாதே?”

“நாளைக்கு அவன் தன்ர சிநேகிதன்ர மனுசியின்ரயைக் கேட்டால்? கொஞ்சப் பேருக்கு மட்டும் இருந்தால் அது அடையாளம், நிரூபா. எல்லாருக்கும் இருந்தால் அது தையல்காரியின்ர விசர்ப் பழக்கம்.”

“எப்பிடி அக்கா எல்லாற்றை சட்டையையும் திருப்பி எடுக்கிறது?”

“கார்க் கொம்பனியள் எடுக்கிறேல்லையே? பிழையான சாமான் பூட்டிப்போட்டம், கொண்டு வாங்கோ எண்டு. நான் பிழையான கொழுக்கி வைச்சிட்டன். துருப்பிடிக்கும். பட்டில கறை படும்.”

வெள்ளிக்கிழமை முழுக்க அவர் கொப்பியைத் திறந்துவைத்துப் பெயர் பெயராக அழைத்தார். இருபத்திரண்டு வருடத்தில் கட்டிய பேரைத் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டார். “ஓம் பிள்ளை, என்ர பிழைதான். மலிஞ்ச கொழுக்கி வாங்கிப்போட்டன். வயசு போகுதெல்லே.” ஒரு தையல்காரி இதைச் சொல்ல வேண்டுமானால் நெஞ்சில் எவ்வளவு துணிவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். எனக்கென்றால் அறிக்கையில் ஒரு எழுத்துப்பிழையை ஒப்புக்கொள்வதற்கே ஒரு வாரம் வேண்டும்.

என் எட்டுப் பேரும் அவருடைய பேஸ்மென்றில் குந்தியிருந்து நாடா தைத்தார்கள். நேரமில்லை, பூவை விட்டுவிடுவோம் என்றேன் நான். “பூ இல்லாட்டி நிலாணியின்ர வேற மாதிரித் தெரியும்” என்று பேர்ணடெற் அக்கா ஒரே சொல்லில் வாயை அடைத்தார். எல்லாவற்றிலும் பூ வந்தது.

சனிக்கிழமை காலை தொடங்கி அந்தத் தெருவில் கார் நிறுத்த இடமில்லை. கடைப் பைகளில், தலையணை உறைகளில், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பைகளில் சட்டைகள் வந்தன. ஒருவர் கொழுக்கியைக் கழற்றிப் புதிதை வைத்தார், ஒருவர் நாடாவைத் தைத்தார். நான் பெயரைக் குறித்துப் பையை மாற்றிக் கொடுக்காமல் பார்த்துக்கொண்டேன். வந்தவர்களிடம் பேர்ணடெற் அக்கா ஒளிக்கவில்லை. ஒவ்வொருத்தியின் விரலையும் பிடித்து நாடாவில் வைத்து அதே வசனத்தைச் சொன்னார்.

வேதவல்லி என்ற தமிழ்நாட்டுப் பெண், வங்கியில் வேலை செய்பவள், தன் பழைய கொழுக்கியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “துரு எங்கேயும் இல்லையே அக்கா, நல்லாத்தானே இருக்கு?” என்றாள். பிறகு நாடாவைக் கண்டாள். வாசித்தாள். கைப்பையைத் திறந்து இன்னொரு சட்டையை எடுத்து வைத்தாள். “இது என் தங்கச்சியோடது. இதுலயும் வச்சிருங்க.”

இன்னொருத்தி மூன்று சட்டைகளிலும் வைக்கச் சொன்னாள். எழுபது வயதுப் பாலேஸ்வரி அன்ரி, “எனக்கு இப்ப தேவையில்லை பிள்ளை, அந்த மனுசன் செத்து ஒன்பது வருசம்” என்று சொல்லிவிட்டு, “எண்டாலும் வையுங்கோ” என்று கதிரையில் இருந்தார். மரியாதையான வீட்டுப் பெண்கள் சண்டைக்கு வருவார்கள் என்று சொன்னவள் நான். நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். ஒருத்திகூட ஏன் என்று கேட்கவில்லை. எனக்கு அன்றைக்கு நல்ல மூக்குடைவு. அப்படி ஒரு மூக்குடைவில் இவ்வளவு சந்தோசம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

தவமலர் மட்டும் வரவில்லை. இரண்டு தரம் அழைத்தோம். “கொழுக்கி பறவாயில்லை, எனக்கு நேரமில்லை” என்று வைத்துவிட்டார்.

“நாளைக்குக் காலமை நீர் போம்” என்றார் பேர்ணடெற் அக்கா என்னிடம். “எனக்குப் பொய் சொன்னால் முகத்தில தெரிஞ்சிடும். நீர் அறிக்கை எழுதிப் பழகின ஆள்.”

நூல் கோத்த ஊசி ஒன்றும் மூன்று நாடாவும் தந்து அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு நான் ரூஜில் அந்த வீட்டு மணியை அழுத்தினேன். பன்னிரண்டு மணிக்குத் தம்பியும் நிலாணியும் சாப்பிட வருகிறார்கள் என்று தவமலரே சொன்னார். கணவர் கோயிலுக்குப் போயிருந்தார். நான் கொழுக்கிக் கதையைச் சொன்னேன். அவர் மேலே போய் மூன்று சட்டைகளை எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு கொழுக்கியை நகத்தால் சுரண்டினார்.

“இது பித்தளை. பித்தளை எங்க துருப்பிடிக்கிறது?”

பேர்ணடெற் அக்கா நல்ல கொழுக்கிதான் வாங்குவார் என்பதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை.

“ஞாயிற்றுக்கிழமை காலமை ஒரு கொழுக்கிக்காக மினக்கெட்டு வந்திருக்கிறீர்” என்றார் தவமலர். “என்ன விசயம் எண்டு சொல்லும்.”

இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். சமையலறைக்கு அவர் போகும்வரை காத்திருந்து இரண்டு குத்துக் குத்தியிருக்கலாம். ஆனால் அவர் முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கொதித்தது. ஒரு பெண்ணின் உயிர் இந்த மேசையில் கிடக்கிறது, இவர் பித்தளை பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறாரே என்று. நான் நாடாவை எடுத்து மேசையில் வைத்தேன். பிழையாகக்கூட இருக்கலாம் என்று தெரிந்துகொண்டே சொன்னேன்.

“உங்கட தம்பி நிலாணிக்கு அடிக்கிறவர்.”

வெளியே போ என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“தெரியும்.”

“தெரியுமோ?”

“அவள் வந்து மூண்டாம் மாசம் கையில கண்டனான். பனியில சறுக்கி விழுந்ததெண்டாள். நானும் ஓம் எண்டிட்டன்.”

“ஆறு வருசமா ஓம் எண்டுகொண்டே இருந்திருக்கிறியள்!” குரல் உயர்ந்துவிட்டது. எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. வியாழக்கிழமை நடந்ததையும், சனிக்கிழமை நூற்றுப் பன்னிரண்டு பெண்கள் வந்து போனதையும், இன்றைக்கு அவன் எதைப் பார்க்க வருகிறான் என்பதையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

தவமலர் நாடாவில் இருந்த பூவை விரலால் தடவிக்கொண்டிருந்தார். “என்ர பேரை ஆர் எடுத்தது? அவனோ?”

“இல்லை. நிலாணிதான். பயத்தில வாயில வந்த பேரைச் சொல்லிப்போட்டாள், விசர்ப் பிள்ளை.”

“விசரில்லை.” அவர் குரல் இறங்கிவிட்டது. “போன கிழமை கோயிலுக்கு வெளிக்கிடேக்க எனக்குப் பின் கொழுக்கி பூட்டிவிட்டது அவள்தான். என்ர சட்டைக்குள்ள ஒண்டும் இல்லை எண்டு அவளுக்குத் தெரியும்.”

“பிறகேன் உங்கட பேர்?” என்றேன்.

“இல்லை எண்டு தெரிஞ்சுதான் என்ர பேரைச் சொல்லியிருக்கிறாள்” என்றார். “இவ்வளவு நாளும் வாய் திறந்து ஒண்டும் கேக்காதவள், இண்டைக்கு என்னட்டை உதவி கேட்டிருக்கிறாள்.”

மூன்று நாளாக அந்தப் பிள்ளையை நான் மனதுக்குள் திட்டித் தீர்த்திருந்தேன். ஊசியை நீட்டினேன். “இன்னும் நேரம் கிடக்கு அக்கா. தைச்சு விடுங்கோ.”

அவர் ஊசியை வாங்கினார். அப்போது வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். தவமலர் ஊசியைத் திருப்பி என் கையில் வைத்தார்.

பிரியந்தன் ஒரு பெட்டி மட்டன் றோல்சோடு சிரித்த முகமாக உள்ளே வந்தான். என்னைக் கண்டதும் சிரிப்புக் கொஞ்சம் குறைந்தது. அவனுக்குப் பின்னால் நிலாணி, ஜக்கெற்றைக் கழற்றாமல் நின்றாள்.

“அக்கா, ஒரு சின்ன அலுவல். சிரிக்காதேங்கோ” என்றான். “உங்கட சட்டை ஒண்டைக் காட்டுங்கோ. உள்ளுக்கு ஒரு லேபிள் இருக்கெண்டு இவள் சொல்லுறாள்.”

சட்டைகள் மேசையிலேயே கிடந்தன. அவனே ஒன்றை எடுத்தான். தோய்த்துப் பழகிய கை, ஒரே உதறலில் உட்பக்கம் புரண்டது. அடுத்ததையும் பார்த்தான். மூன்றாவதையும் பார்த்தான்.

“இல்லையே” என்று நிலாணியின் பக்கம் திரும்பினான். அந்தச் சொல்லை அவன் மெதுவாகத்தான் சொன்னான். நிலாணி அவனைப் பார்க்கவில்லை. தவமலரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இல்லைத்தான்” என்றார் தவமலர். “எப்பவோ இருந்திருக்கவேணும்.”

கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். நாடாவை இடது கையில் பிடித்து, ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்துப் பார்த்துத் தன் போனில் அழுத்தினார். பத்து இலக்கம் அழுத்தி முடிய அவ்வளவு நேரம் எடுக்கும் என்று நான் அறியவில்லை. ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார். வணக்கம் என்றது அந்தப் பெண்குரல்.

“வணக்கம் பிள்ளை. என்ர பேர் தவமலர். என்ர தம்பி தன்ர மனுசிக்குக் கைநீட்டுறவன். ஆறு வருசமா எனக்குத் தெரியும், நான் வாய் திறக்கேல்லை. இண்டையில இருந்து அவள் என்னோட இருக்கப் போறாள். நாங்கள் இனி என்ன செய்யவேணும் எண்டு சொல்லித் தாங்கோ.”

“அக்கா!” அவன் முகம் செத்துப்போய்விட்டது. “விசரே உங்களுக்கு? ஆக்களுக்கு முன்னால…”

“ஆக்களுக்கு முன்னாலதான். நீ இப்ப போ.”

“நீங்கள்தானே என்னை வளத்தது!”

“ஓம்” என்றார் தவமலர். “அதுதான் சொல்லுறன்.”

அவன் நிலாணியை நோக்கி ஓர் அடி வைத்தான். தவமலர் அவன் நெஞ்சளவு உயரம்கூட இல்லை. குறுக்கே போய் நின்றார். நானும் பக்கத்தில் போய் நின்றேன், கையில் அந்த ஊசியோடு. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அதைக் கொண்டு அவனைக் குத்தவும் நான் தயாராகத்தான் இருந்தேன்.

“என்னைப் பொலிசைக் கூப்பிட வைக்காதை தம்பி” என்றார் அவர். அந்தக் குரல் உடைந்தது, ஆனால் ஆள் அசையவில்லை. அவன் என்னையும் மேசையிலிருந்த போனையும் பார்த்தான். பிறகு சப்பாத்துத் தட்டை உதைத்துவிட்டுக் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனான். தவமலர் போய்க் கதவைப் பூட்டினார். சங்கிலியையும் மாட்டினார். கார் புறப்படும் சத்தம் ஓயும்வரை கதவுக்கு முதுகு கொடுத்து அங்கேயே நின்றார். அவர் கண்ணீரை அன்றைக்குத்தான் கண்டேன். நான் வாழ்க்கையில் யாரையும் அவ்வளவு மதித்ததில்லை.

போனில் அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போய்விட்டாரா என்று கேட்டாள். திரும்பி வந்தால் உடனே பொலிசுக்கு எடுக்கச் சொன்னாள். பிறகு, நிலாணியோடு பேசலாமா என்றாள். நான் போனை எடுத்து நிலாணியின் கையில் கொடுத்தேன்.

“நிலாணி, இப்ப நீங்கள் பாதுகாப்பா இருக்கிறியளோ?”

அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை போலும். பதில் தெரியாதவள் போல அறையைச் சுற்றிப் பார்த்தாள். மேசையில் புரண்டு கிடந்த சட்டைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கடைசியில் வாசலைப் பார்த்தாள்.

“ஓம்” என்றாள். “மச்சாள் கதவடியில நிக்கிறா.”